ஒத்தைக்கால்ல நிக்கத் தள்ளாடுறா, பேலன்ஸ் போர்டு வாங்கணுமா?

இடதுகால்காரன்:
என் பொண்ணுக்கு 13 நடக்குது. ஃபுட்பால் டீம்ல ரைட் விங்ல ஆடுறா. ஒரே வருஷத்துல கிடுகிடுன்னு வளர்ந்துட்டா, போன சீசன் போட்ட பூட்ஸ் இப்ப தம்பி கால்ல. அதுலேர்ந்து ஓட்டமே ஒரு மாதிரி ஆயிடுச்சு. கால் ஒரு பக்கம் போகுது, உடம்பு ஒரு பக்கம் போகுது. வலது கணுக்கால் ரெண்டு தடவை பிசகிடுச்சு. ரெண்டு தடவையும் யாரும் இடிக்கல, தானா திரும்பும்போதுதான்.

நேத்து பல் தேய்க்கும்போது சும்மா ஒத்தைக்கால்ல நில்லுன்னேன். இடது கால்ல அரை நிமிஷம் அசையாம நின்னா. வலது கால்ல பத்து எண்றதுக்குள்ள வாஷ்பேசினைப் பிடிச்சுட்டா. கண்ணை மூடிக்கிட்டு நிக்கச் சொன்னா மூணுகூட வரல. அவ சிரிச்சா, எனக்குச் சிரிப்பு வரல.

டீம்ல உதவி கோச் மாதிரி நானும் நிக்கிறேன், மொத்தம் 16 பிள்ளைங்க. பேலன்ஸ் போர்டு, அதான் ஏறி நின்னா ஆடுற பலகை, வாங்கினா எத்தனை வேணும்? அதுல நின்னா மட்டும் போதுமா? வீடியோல பார்த்தா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

டேப்சுருள்:
சார், நான் பிசியோ. முதல்ல போர்டு வாங்குற யோசனையைத் தள்ளி வைங்க.

கணுக்கால் பிசகும்போது எலும்புகளைக் கட்டிப் பிடிச்சிருக்கிற நார் மட்டும் இழுபடல. அந்த நாருக்குள்ளயும் சுத்தியுள்ள தசையிலயும் 'கால் இப்ப எந்தக் கோணத்துல இருக்கு'ன்னு மூளைக்குச் சொல்ற நரம்பு முனைகள் இருக்கு. வீக்கம் வடிஞ்சு, வலி போய், ஓட ஆரம்பிச்ச பிறகும் அந்தச் சேதி மங்கலாத்தான் போகும். கண் திறந்திருந்தா கண் அதை ஈடுகட்டிடும். மூடினதும் குட்டு உடைஞ்சுடும். உங்க வாஷ்பேசின் கதை அதுதான். ஒரு தடவை பிசகின கணுக்கால் மறுபடி பிசக அதிக வாய்ப்பு இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். ரெண்டாவது தடவை ஆயிடுச்சுங்கறதால ஒரு பிசியோ அவ காலை நேர்ல பார்க்கட்டும்.

வளர்ச்சி வேற. எலும்பு நீளுற வேகத்துக்குத் தசை பலமும் பழக்கமும் ஈடுகொடுக்காது. அந்த வயசுல கொஞ்ச நாள் தடுமாறுறது சகஜம், திட்டாதீங்க.

முழங்காலைத்தான் நான் அதிகம் பயந்து பார்ப்பேன். முழங்காலுக்குள்ள இருக்கிற ஏ.சி.எல்.ங்கற நார் கிழியுறது பெரும்பாலும் யாரும் மோதாமலே நடக்குது, குதிச்சு இறங்கும்போது, இல்ல ஓட்டத்துல சட்டுன்னு வெட்டித் திரும்பும்போது. கால் தரையைத் தொட்ட கண்ணிமைக்கிற நேரத்துக்குள்ள கிழிஞ்சுடும். மூளை யோசிச்சுத் தசைக்கு ஆணை அனுப்ப அவகாசமே இல்ல. தரை வர்றதுக்கு முன்னாடியே தசை இறுகித் தயாரா இருக்கணும். நரம்பு-தசைப் பயிற்சின்னு பெரிய பேர் வச்சிருக்கோம், பழக்குறது இதைத்தான். ஆடுற பெண்களுக்கு இந்தக் காயம் பசங்களைவிட அதிகம், அதனால உங்க டீம்ல கட்டாயம் வேணும்.

ஃபிஃபா 11+ வார்ம்-அப் இருக்கு. 15 பயிற்சி, பழகிட்டா 20 நிமிஷம், வாரத்துக்கு ரெண்டு தடவையாவது செய்யணும். ஒரு பந்து போதும், போர்டு எதுவும் வேண்டாம். நார்வேயில 13 முதல் 17 வயசுப் பெண்கள் 1,892 பேரை ஒரு சீசன் பார்த்து 2008ல ஆய்வு வந்தது. கடுமையான காயமும், அதிகமா ஆடி வர்ற காயமும் ஏறக்குறைய பாதியாச்சு. ஆனா காலில் படுற எல்லாக் காயத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டப்ப வித்தியாசம் அவ்வளவு உறுதியா இல்ல. மந்திரம்னு நினைச்சுடாதீங்க.

பழைய ஸ்டாப்பர்:
டேப்சுருள் சொன்னது சரி, ஆனா ஒண்ணை விட்டுட்டார். பேருக்குச் செஞ்சா பத்து பைசா பிரயோசனம் இல்ல. நான் 12 வருஷமா பிள்ளைங்களை வச்சு மாரடிக்கிறேன். பாதிப் பேர் ஸ்குவாட், அதாவது முட்டியை மடக்கி உட்கார்ந்து எழறது, பண்றது தரையில காசு தேடுற மாதிரி இருக்கும்.

பக்கவாட்டுல நிக்காதீங்க, நேர் எதிர்ல நில்லுங்க. குதிச்சு இறங்கும்போது முட்டி ரெண்டும் உள்பக்கமா ஒண்ணை ஒண்ணு பார்க்குதான்னு கவனிங்க. முட்டி பாதத்துக்கு நேரா இருக்கணும். அப்புறம் காதைத் தீட்டிக்குங்க. 'தொம்'னு சத்தம் வந்தா விறைப்பா இறங்குறாங்கன்னு அர்த்தம். நான் "பூனை மாதிரி இறங்கு"ன்னுதான் சொல்வேன். தசை பேரெல்லாம் சொன்னா கொட்டாவி விடுவாங்க.

ஒத்தைக்கால் பயிற்சியில முதல் கட்டம் பந்தைக் கையில வச்சு 30 விநாடி, ஒரு காலுக்கு ரெண்டு தடவை. அடுத்தது ஜோடியா நின்னு பந்தை மாத்தி மாத்தி எறியறது. மூணாவது, ஒருத்தரை ஒருத்தர் லேசாத் தள்ளி விடுறது. இது வந்ததும் பிள்ளைங்க சண்டை போட்டுக்கிட்டு வருவாங்க. முந்தினது ஒழுங்கா வராம இதுக்குத் தாவ விடாதீங்க.

முட்டித்தழும்பு:
அங்கிள், 17 வயசுல எனக்கு ஏ.சி.எல். போச்சு. எதிர்ல ஒருத்தரும் இல்ல, உயரமா வந்த பந்தை நெஞ்சுல வாங்கி இறங்கினேன், 'டப்'புன்னு ஒரு சத்தம். மறுபடி கிரவுண்ட்ல கால் வைக்கப் பத்து மாசம் ஆச்சு. அந்தப் பத்து மாசத்துல பாதி நாள் ஒத்தைக்கால்ல நிக்கத்தான் கத்துக்கிட்டேன். எங்க டீம்ல வார்ம்-அப்னா ரெண்டு ரவுண்டு ஓட்டம், அப்புறம் நேரா கோல் அடிக்கிற பயிற்சி. அவ்வளவுதான்.

இடதுகால்காரன்:
ஆறு வாரம் கழிச்சு எழுதுறேன். போர்டு வாங்கல. பிசியோகிட்ட காட்டினோம், கணுக்காலுக்குத் தனியா ரெண்டு பயிற்சி கொடுத்திருக்காங்க. டீம்ல செவ்வாயும் வெள்ளியும் 11+ செய்யறோம். முதல் வாரம் 35 நிமிஷம் தின்னுடுச்சு, இப்ப 22ல முடியுது. எதிர்ல நின்னு பார்த்தப்பதான் தெரிஞ்சுது, முட்டி உள்ள சாயுறது என் பொண்ணுக்கு மட்டுமில்ல, இன்னும் ஆறு பேருக்கு இருக்கு. கோல்கீப்பர் பொண்ணு இன்னும் 'தொம்'முன்னுதான் இறங்குறா.

வலது கால், கண்ணை மூடி: ஒன்பது. வாஷ்பேசினை இன்னும் பிடிக்கிறா.