புதுப்பிப்பு: தனியாகப் பல் இன்சூரன்ஸ் எடுக்கலாமா (டெக்சாஸ்)? என்ன ஆயிற்று என்றால்...

போன மார்ச்சில் கேட்டிருந்தேன்: வேலை மாறியதில் கம்பெனி பல் இன்சூரன்ஸ் போய்விட்டது, புது இடத்தில் அது கிடையாது, கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனாலும் கிரௌனும் (பல்லுக்கு மேல் போடும் உறை) வேண்டும், மாதம் 38 டாலர் கட்டி ஒரு பிளான் எடுக்கலாமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எடுக்கவில்லை. "காத்திருப்புக் காலத்தை முதலில் பாருங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதுதான் காப்பாற்றியது. பாலிசியின் 11-ஆம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: ரூட் கெனாலுக்கு 6 மாதம், கிரௌனுக்கு 12 மாதம் கழித்துத்தான் பணம் தருவார்கள். அதன் பிறகும் கிரௌன் செலவில் பாதிதான் தருவார்கள். ஆண்டு உச்சவரம்பு 1,500 டாலர். வருடத்துக்கு 456 டாலர் கட்டிவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

தனியார் கிளினிக்கில் சொன்னது 2,600. இன்னொருவர் சொன்ன பல் மருத்துவக் கல்லூரி கிளினிக்கில் மொத்தம் 1,150-இல் முடிந்தது. மாணவர் செய்வார், ஒவ்வொரு கட்டத்திலும் பேராசிரியர் வந்து பார்த்துச் சரி சொன்னால்தான் அடுத்தது. ஐந்து முறை போனேன், ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரம். பல்லை விடத் தாடைதான் அதிகம் வலித்தது.

எதிர்பாராத ஒன்று: பழைய இன்சூரன்ஸ் இடைவெளியில்லாமல் இருந்ததற்குக் கடிதம் காட்டினால் சில கம்பெனிகள் காத்திருப்புக் காலத்தை விட்டுக்கொடுக்கின்றன. எனக்கு நடுவில் நான்கு மாதம் விட்டுப்போயிருந்தது, அதனால் அந்தச் சலுகை கிடைக்கவில்லை. வேலையை விடுகிறவர்கள் அந்தக் கடிதத்தை அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.