எம்பிரொய்டரி வளையத்தில் துணி தளர்கிறது

கேள்வி: 8 அங்குல மர வளையம், மெல்லிய வொயில் துணி. திருகாணியை எவ்வளவு இறுக்கினாலும் பத்து நிமிசத்தில் தொய்கிறது. வளையத்துக்கு நாடா சுற்றலாமாம். உள் வளையத்துக்கா, வெளி வளையத்துக்கா? கொழும்பு வெள்ளவத்தையில் நாடா கிடைக்குமா?

பதில்: உள் வளையத்துக்கு மட்டும் போதும். அரை அங்குல வெள்ளைப் பருத்தி நாடா, 3 மீற்றரும் கொஞ்சமும் எடுங்கோ. வெள்ளவத்தையில் இல்லாவிட்டால் புறக்கோட்டைத் தையல் சாமான் கடைகளில் கேளுங்கோ. சாட்டின் ரிப்பன் வேண்டாம், வழுக்கும். நாடாவை முதலில் கழுவிக் காயவிடுங்கோ. பிறகு சரிவாக, ஒவ்வொரு சுற்றும் முந்தினதைப் பாதி மூடும்படி இழுத்துச் சுற்றவேணும். ஓர் இடம் தடித்தால் அதற்குப் பக்கத்தில் துணி தளரும். நுனியை வளையத்தின் உட்பக்கத்தில் தையுங்கோ. வெளிப்பக்கத்தில் முடிச்சு வந்தால் துணியில் பதியும். பசை வேண்டவே வேண்டாம், நாளடைவில் மஞ்சள் கறை விடும்.

பதில்: அக்கா சொன்னது சரி. சுற்றியபின் உள் வளையம் தடிக்கும், அதனால் திருகாணியை நன்றாகத் தளர்த்திவிட்டுத்தான் பூட்டவேணும். பாதி இறுக்கி, துணியை நெடுக்கிழை, குறுக்கிழை வழியே இழுத்து, பிறகு முழுதாய் இறுக்குங்கோ. மூலைவாட்டில் இழுத்தால் வட்டமான பூ, கழற்றியதும் முட்டையாகிவிடும்.

பதில்: இரவில் துணியைக் கழற்றி வையுங்கோ. கொழும்பு ஈரப்பதத்துக்குத் திருகாணி துருப்பிடித்தால் அந்தக் கறை லேசில் போகாது.