புதுப்பிப்பு: மழையிலும் மூடுபாலப் பயணம் போய்வந்தோம்

மழை அறிவிப்பு வந்ததால், கார் கிளப்பின் அக்டோபர் பயணத்தைத் தள்ளிப்போடலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். தள்ளவில்லை, கிளம்பிவிட்டோம். நல்லவேளை!

நாங்கள் போனது, அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரின் கார்னிஷையும் வெர்மான்ட்டின் வின்ட்சரையும் இணைக்கும் மூடுபாலம், அதாவது கூரை போட்ட மரப்பாலம். 1866-ல் கட்டியது, சுமார் 449 அடி நீளம். உள்ளே நுழைந்ததும் கண்ணாடியில் அடித்த மழை சட்டென்று நின்றது. வைப்பரை அணைத்தேன். கூரையில் மட்டும் சடசடவென்று சத்தம். இருபுறமும் வலைபோல் பின்னிய கனத்த மரச்சட்டங்கள். அவை நனைந்து இற்றுப்போகாமல் காக்கத்தான் கூரையே. மழைநாளில் பார்த்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

'குதிரையை நடக்கவிடு, இல்லையேல் இரண்டு டாலர் அபராதம்' என்ற பலகையும் முகப்பில் இருக்கிறது.

போகிறவர்கள் கவனியுங்கள்: ஈரமான மேப்பிள் இலைகள் ரொம்பவே வழுக்கும். முன் காருக்கு நிறைய இடைவெளி விடுங்கள்.