மூச்சுச் சோதனையா, மூச்சாய்வா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வெளிவிடும் மூச்சைக் கொண்டு கல்லீரல் நோயைக் கண்டறியும் முறைக்கு 'ஊடுருவா மூச்சுச் சோதனை' என்று தமிழில் பெயர் வைக்கலாம் என்ற முன்மொழிவைப் பார்த்தேன். இரண்டு பாதியுமே எனக்கு ஒப்பவில்லை.

'மூச்சுச் சோதனை' என்றதும் ராத்திரியில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, கருவியை நீட்டி, "ஊதுங்க" என்கிற போலீஸ்காரர்தான் நினைவுக்கு வருகிறார். வேறு நோயாக இருந்தால் பரவாயில்லை, ஈரல் நோய்க்கு இந்தச் சொல் கூடவே கூடாது. என் அப்பா ஒரு சொட்டு குடித்தவர் இல்லை. ஹெப்படைடிஸ் பி கிருமியால் அவருக்கு ஈரல் சுருங்கிப்போனது. பார்க்க வந்தவர்களில் பலர் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "அவருக்குக் குடிப்பழக்கம் உண்டா?" என்றுதான் கேட்டார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டுவார். அந்த அப்பாவிடம் போய் "மூச்சுச் சோதனை செய்யணும்" என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

அதனால் 'மூச்சாய்வு' என்கிறேன். மூச்சைக் குறிக்கும் 'உயிர்ப்பு' அழகான பழஞ்சொல்தான், ஆனால் இன்று அதற்கு வேறு பொருள் வந்துவிட்டது. மூச்சை வெளிவிடுவதைச் சொல்லும் 'ரேசகம்' யோகப் பயிற்சிக்குள்ளேயே இருக்கட்டும். 'ஆவியாய்வு' என்றால் நோயாளி பயந்துவிடுவார்.

அடுத்தது 'ஊடுருவா', அதாவது ஆங்கிலத்தில் 'நான்-இன்வேசிவ்' என்பதற்கு வைத்த சொல். எக்ஸ்ரேவுக்கு நாமே 'ஊடுகதிர்' என்று பெயர் வைத்திருக்கிறோம். உடம்புக்குள் ஊடுருவிப் போகும் அந்தக் கதிரால் எடுக்கும் படத்தை 'ஊடுருவாச் சோதனை' என்று வகைப்படுத்தினால் சொல்லே சொல்லை அடிக்கிறது. இங்கே சொல்ல வேண்டியது தோல் கிழியவில்லை, ஊசி இறங்கவில்லை என்பது மட்டுமே. அப்பாவுக்கு "சதை எடுத்துப் பார்க்கணும்" என்றார்கள். விலா எலும்புக்கிடையே ஊசியை இறக்கி, நூல் கனத்தில் ஈரல் துணுக்கை எடுத்தார்கள். ரத்தம் கசியக் கூடாதென்று மணிக்கணக்கில் வலப்பக்கமாகவே படுத்திருந்தார், தண்ணீர்கூட நான்தான் வாயில் ஊற்றினேன். அந்த ஊசி இல்லாத சோதனை 'துளையாச் சோதனை'. கேட்டவுடன் நோயாளிக்கே புரியும்.

இனி, மூச்சில் எதைத் தேடுகிறார்கள் என்பது. ஆரஞ்சுத் தோலை உரிக்கும்போது விரலில் சிதறுமே எண்ணெய், அதன் மணத்துக்கு முக்கியக் காரணம் லிமோனீன். நம் உடம்பு அதைத் தயாரிப்பதில்லை, பெரும்பாலும் சாப்பாட்டிலிருந்துதான் வருகிறது. நல்ல ஈரல் தன் நொதிகளால் அதை உடைத்துவிடும். நோயால் வடுப்போல இழைநார் வளர்ந்த ஈரலால் அது சரியாக முடியாது. லிமோனீன் ரத்தத்தில் தங்கி, நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறுகிறது. ஈரல் மாற்று அறுவைக்குப் பின் நோயாளிகளின் மூச்சில் அது நாளடைவில் குறைந்ததை இங்கிலாந்தின் பர்மிங்காம் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டார்கள். ஒன்றை மறக்கக் கூடாது: இது இன்னும் ஆய்வுக்கட்டத்தில் இருப்பது. சொல்விளக்கத்தில் அதையும் சேர்க்க வேண்டும்.

கருவிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே மருத்துவர்கள் மூக்கால் அறிந்த ஒன்றும் உண்டு. ஈரல் முற்றிலும் தளர்ந்தவர்களின் மூச்சில் இனிப்பும் பூஞ்சணமும் கலந்த ஒரு வாசம் வரும். டைமெத்தில் சல்பைடுதான் அதில் முக்கியமானது. இதை 'ஈரல் நாற்றம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். நாற்றம் முன்பு நறுமணத்தையும் குறித்தது, சரி. ஆனால் இன்று படுத்திருப்பவர் காதுபட அதைச் சொல்ல முடியுமா? 'ஈரல் வாடை' போதும்.

'துளையா மூச்சாய்வு' என்றே சேர்த்து வைத்துவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். மெத்தாசெட்டின் மூச்சாய்வில், கார்பனின் சற்றே கனமான வகையான கார்பன்-13 ஏற்றிய மெத்தாசெட்டின் என்ற மருந்தை நோயாளிக்குக் கொடுத்து, அதை ஈரல் எவ்வளவு வேகமாக உடைக்கிறது என்பதை மூச்சில் வரும் கரியமில வாயுவிலிருந்து அளக்கிறார்கள். கார்பன்-13 கதிரியக்கம் இல்லாதது. மருந்தை வாயால் குடிக்கும் வகையில் ஊசியே கிடையாது. ஆனால் பெர்லினின் ஷரிட்டே மருத்துவமனையில் உருவான லைமேக்ஸ் முறையில், அதே மருந்தை ரத்தக்குழாயில் ஊசியாகப் போடுகிறார்கள். ஈரலில் ஒரு பகுதியை வெட்டியெடுக்கும் முன், மிச்சம் தாங்குமா என்று பார்க்க அது உதவுகிறது. அதுவும் மூச்சாய்வுதான், துளையாதது அல்ல. ஆகவே தலைச்சொல்லாக 'ஈரல் மூச்சாய்வு' மட்டும் நிற்கட்டும், 'துளையா' தேவைப்படும் இடத்தில் அடையாக வரட்டும்.