நோட்ஸ் போட்டோ பஞ்சாயத்து

பெரியம்மா: ஏண்டி நீ டீச்சர்தானே நீயே ஒரு நியாயம் சொல்லு. கார்த்தி கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ராத்திரி பத்து மணிக்கு மேல நோட்ஸ் போட்டோவா வந்து விழுது, கேட்டா படிக்கிறேம்மாங்கிறான், எட்டிப் பாத்தா ரீல்ஸ் ஓடுது

கார்த்தி: அம்மா இதெல்லாம் இங்க ஏன் போடுற

பெரியம்மா: நம்ம வீட்டு குரூப்தானடா

சித்தி: அக்கா போட்டோ அனுப்புறது ஜெராக்ஸ் எடுத்து குடுக்குற மாதிரிதான், அதுல பாடம் எங்க நடக்குது? எங்க ஸ்டாஃப்லயும் பாதி பேர் இப்படித்தான், பிடிஎஃப் போட்டாச்சு யூடியூப் லிங்க் போட்டாச்சு முடிஞ்சுது. பசங்க பாத்தாங்களானு கூட தெரியாது, ப்ளூ டிக் விழுந்தா திறந்தான்னு அர்த்தம், படிச்சான்னு இல்ல

மாமா: அப்ப போனே வேணாம்னு சொல்லிடலாமே

சித்தி: அதில்ல. சல்மான் கான் 2004ல தூரத்துல இருந்த ஒரு சொந்தக்காரப் பொண்ணுக்கு போன்லயும் நெட்லயும் கணக்கு சொல்லிக் குடுத்ததுதான் பின்னாடி கான் அகாடமிங்கிற இலவச பாட வெப்சைட் ஆச்சு. அங்க அந்தப் பக்கத்துல இருந்து பதில் வந்துச்சு, அதான் விஷயம்

திவ்யா: நடிகர் இல்ல மாமா வேற சல்மான் 😄

மாமா: தெரியும் தெரியும்

சித்தி: நான் இப்ப என்ன பண்றேன்னா பாடம் முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு புக்க பாக்காம ஒரு நிமிஷம் வாய்ஸ் நோட்ல விளக்கி எனக்கு தனியா அனுப்ப சொல்றேன். எங்க இழுக்குறான் எங்க ம்ம்ம்னு நிக்கிறான்னு கேட்டாலே புரிஞ்சிடும். படிச்சது எவ்ளோ சீக்கிரம் மறந்து போகுதுன்னு எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன் மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 1885லயே தன்னையே வெச்சு சோதிச்சு எழுதிட்டார், திரும்பத் திரும்ப படிக்கிறதவிட ஞாபகத்துல இருந்து எடுத்து சொன்னாதான் நிக்கும். கிளாஸ்ல வாயே திறக்காத பொண்ணு வாய்ஸ் நோட்ல அப்படி பேசுறா!

திவ்யா: எங்க காலேஜ்ல வாட்ஸ்அப்ல ஓட்டெடுப்பு (poll) வெப்பாங்க சித்தி, அது சுத்த வேஸ்ட். யார் எத டிக் பண்ணாங்கன்னு பேரோட தெரியுது, ஃபர்ஸ்ட் ரேங்க் பையன் போடுற வரைக்கும் எல்லாரும் வெயிட் பண்ணி அதையே போடுவோம்

சித்தி: கரெக்ட், அதனாலதான் டெலிகிராம்ல குவிஸ் (quiz poll) வெக்கிறேன். பேர் தெரியாத மாதிரி வெக்கலாம், தப்பா போட்டா உடனே காட்டிடும், ஏன் தப்புன்னு ரெண்டு வரி விளக்கமும் சேக்கலாம். எத்தன பேர் எந்த தப்பான ஆப்ஷன்ல விழுந்தாங்கன்னு பாத்துட்டுதான் அடுத்த நாள் கிளாஸுக்கே போறேன்

மாமா: போன் டேபிள்ல சும்மா கிடந்தாலே யோசிக்கிற திறன் குறையும்னு 2017ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சே

சித்தி: அப்புறம் செஞ்சு பாத்த சில பேருக்கு அதே ரிசல்ட் வரல மாமா. ஆனா நோட்டிஃபிகேஷன் வந்தா கண்டிப்பா கவனம் போகும், அதுக்கு ஆராய்ச்சியே வேணாம். கார்த்தி, நோட்ஸ காப்பி பண்ணிட்டு போன அடுத்த ரூம்ல வை

கார்த்தி: எழுத்தே தெரியல சித்தி எப்படி காப்பி பண்றது, எல்லாம் மங்கலா இருக்கு

திவ்யா: போட்டோவா அனுப்பாம டாக்குமெண்ட்டா அனுப்ப சொல்லுடா, தெளிவு குறையாது

கார்த்தி: அட்மின் மட்டும்தான் மெசேஜ் போட முடியும்கா, யார்கிட்ட சொல்றது

சித்தி: அது சரி. டவுட்டும் கேக்க முடியாதா? அப்ப அது நோட்டீஸ் போர்டு. நீயும் நாலு ஃப்ரெண்ட்ஸும் தனியா ஒரு குரூப் ஆரம்பிங்க, ஆளுக்கு ஒரு கேள்வி தினம், நான் வேணா பாத்து சொல்றேன்

பெரியம்மா: இன்னொரு குரூப்பா

பெரியம்மா: சரி அந்த குவிஸ் எப்படி போடுறதுனு எனக்கு வாய்ஸ்ல சொல்லி அனுப்பு, டைப் பண்ணாத. நானே இவனுக்கு போடுறேன்

கார்த்தி: ஐயோ சித்தி