நோர்வேயில் ஆய்வு நிறுவன ஃப்ரொன்ட்-என்ட் வேலை: புதிதாகப் போன எங்கட பிள்ளைகளுக்கு

லீவில் ஊருக்கு வந்து புத்தூர் வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன், கரண்ட் போனால் பாதியில் நிற்கும். ஒஸ்லோவுக்குப் போய் மூன்று கிழமையான கொக்குவில் தங்கச்சி ஒருத்தி கேட்டிருந்தா: கொழும்பில் வங்கிக்கு ஆப் செய்துகொண்டிருந்தேன், இப்போது சூழலியல் ஆய்வு நிறுவனத்தில் ஃப்ரொன்ட்-என்ட், அதாவது தரவைத் திரையில் காட்டுகிற பக்கம் செய்யும் வேலை, இரசாயனவியல் தெரியாமல் சமாளிக்கலாமா என்று. சமாளிக்கலாம். ஆனால் தலையாட்டிச் சமாளிக்க முடியாது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்கு முதல் மாதமே நிலத்தடி நீர்த் தரவைக் காட்டும் பக்கம் ஒன்று தந்தார்கள். மீற்றிங்கில் எல்லாரும் வேகவேகமாகக் கதைத்தார்கள், நைத்திரேற்று எல்லை 50 என்று மட்டும் காதில் விழுந்தது, நானும் எங்கட வழக்கப்படி ஓம் ஓம் என்றுவிட்டு வந்து 50 இல் ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன். வடிவான கிராஃப், எல்லாக் கிணறும் பச்சை. இரண்டு கிழமை கழித்து நீரியல் ஆள் ஒருவர் எட்டிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இது நைத்திரேற்றா, நைத்திரேற்றில் உள்ள நைதரசனா? உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை நைத்திரேற்றாக எழுதினால் லீற்றருக்கு 50 மில்லிகிராம், அதையே நைதரசனாக எழுதினால் ஏறக்குறைய 11. எனக்கு வந்த கோப்பு நைதரசன் கணக்கு. 20 என்று நின்ற கிணறு எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது, நான் அதற்குப் பச்சை பூசியிருக்கிறேன். தோட்டத்துக்குப் போடுகிற உரமும் மலக்குழியும் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் கிணற்றில் இறங்குகிற ஊரில் பிறந்து வளர்ந்துவிட்டு இந்தப் பிழை விட்டதுதான் வெட்கம்.

ஆகவே அலகைக் கேளுங்கள். "எனக்கு விளங்கவில்லை, இன்னொருக்கால் சொல்லுங்கோ" என்றால் அங்கே யாரும் மட்டமாக நினைப்பதில்லை, பேராசிரியரையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நாடு அது. எங்களுக்குத்தான் சேர், மடம் பழக்கம் வாயை அடைக்கிறது.

நேற்று இங்கே நிலாவரைக் கிணற்றுக்குப் போயிருந்தேன். மேலே நல்ல தண்ணி, ஆழம் போகப்போக உப்பு என்று சின்னனில் இருந்து கேட்ட கதைதான், ஆனால் இந்த வேலைக்குப் போன பிறகு அந்தக் கிணறு வேறு மாதிரித் தெரிகிறது. வரைபடத்தில் அதற்கு ஒரு நீலப் பொட்டு வைத்துவிட்டுப் போனால் எந்த ஆழத்தில் அளந்தது என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? பொட்டை அமத்தினால் ஆழமும் திகதியும் வரவேண்டும். தசமத்தையும் சும்மா வெட்டாதீர்கள். கரையோர நிலத்தில் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே 40 மீற்றர் அளவுக்கு நன்னீர் மிதக்கும் என்பது நீரியலில் பழைய கணக்கு. அப்படியென்றால் இடம் காணாது என்று 0.3 மீற்றரை 0 ஆக்கினால் நீங்கள் 12 மீற்றர் நல்ல தண்ணியை அழித்துவிட்டீர்கள்.

தரவு இல்லாத இடத்தில் சில கோப்புகளில் -9999 இருக்கும். கிராஃப் பாதாளத்துக்குப் போகிறதே என்று பயந்து அதைச் சுழியம் ஆக்கிவிடாதீர்கள், சுழியம் என்றால் அளந்து பார்த்தோம், ஒன்றுமில்லை என்று அர்த்தம். கோட்டை அந்த இடத்தில் அறுத்து விடுங்கள், அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. சிவப்பையும் பச்சையையும் மட்டும் நம்பவேண்டாம், வடஐரோப்பிய ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு நிறம் பிரிப்பதில் குறை உண்டு. வானவில் நிறங்களுக்குப் பதில் விரிடிஸ் (கரும் ஊதாவில் இருந்து மஞ்சளுக்குச் சீராக வெளிக்கிற நிறவரிசை) மாதிரி ஒன்றைப் போட்டால் கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும் விளங்கும்.

அப்புறம் எல்லாரும் ஒருமுறையாவது விழுகிற குழி: இடத் தரவு வருகிற ஜியோஜேசன் கோப்பில் நெட்டாங்கு முதலில், உலாவியில் வரைபடம் காட்டுகிற லீஃப்லெட் நிரலில் அகலாங்கு முதலில். மாறிப் போட்டால் யாழ்ப்பாணம் நோர்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடமேற்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். (நோர்வேக்கு வந்த எங்கட சனத்துக்குப் பொருத்தமான இடம்தான்.) நேரமும் அப்படியே. 1996 முதல் 2006 வரை இலங்கையில் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள், புது நேரமா பழைய நேரமா என்று கேட்டுத்தான் வீட்டில் அலுவல் பார்த்தோம். அந்தக் காலத் தரவு கையில் வந்தால் கிரீன்விச் நேரத்தோடு ஐந்தரை மணி என்று நீங்களே கூட்டாமல், ஏசியா/கொழும்பு என்று நேர வலயத்தைக் கொடுத்து உலாவியிடம் விட்டுவிடுங்கள்.

இனி வேலைக் கதை. சம்பளம் வங்கி அளவுக்கு இராது. பல இடங்களில் உங்கள் பதவி ஒரு புரொஜெக்ட்டின் பணத்தோடு கட்டப்பட்டிருக்கும், பணம் எந்த மாதம் முடிகிறது என்று கையெழுத்துக்கு முதலே கேளுங்கள், விசாவும் அதோடுதான் தொங்குகிறது. கட்டுரையில் உங்கள் பெயர் விடுபடலாம், ஆனால் நிரலை சேர்ன் (ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வகம்) நடத்தும் ஸெனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றினால் அதற்கென்று ஒரு டிஓஐ, அதாவது மேற்கோள் காட்டக்கூடிய நிலையான அடையாள எண், கிடைக்கும், அடுத்த வேலைக்குக் காட்ட அது போதும். நோர்வேஜியன் படியுங்கள். மீற்றிங் ஆங்கிலத்தில் நடந்தாலும் பதினொன்றரைக்குப் பாணும் சீஸுமாக இருக்கிற சாப்பாட்டு மேசையில்தான் உண்மையான கதை நடக்கும்.

கடைசியாக, நல்லூர்த் திருவிழாவுக்கு வர இப்பவே டிக்கெட் பார்க்கிறவர்களுக்கு. நோர்வேயில் லீவுக் காசு, அதாவது ஃபேரியபெங்கர், போன வருடம் உழைத்ததில் இருந்துதான் வரும். முதல் வருடம் லீவு எடுக்கலாம், ஆனால் அந்த நாட்களின் சம்பளம் கழிந்துவிடும், அனேகமான இடங்களில் ஜூனில் கழிப்பார்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை, அந்த ஜூலை முழுக்கப் பருப்பும் சோறும்தான்.