சிறிய இடைக்காலக் கிராமத் தேவாலயத்தில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸ் பகுதிக்குச் செல்லும்போது, ஹார்டம் என்னும் சிற்றூரில் உள்ள புனித போட்டால்ஃப் தேவாலயத்தைப் பார்க்க விரும்புகிறேன். பேராலயங்களில் வழிகாட்டிகள் இருப்பார்கள். இத்தகைய ஊர்ப்புறத் தேவாலயங்களில் பெரும்பாலும் ஆளே இருப்பதில்லை என்கிறார்கள். ஒரு நடுக்கூடமும் அதைவிடச் சிறிய பீடப்பகுதியும் மட்டுமே கொண்ட கட்டடத்தில், புகழ்பெற்ற சுவரோவியங்களைத் தவிர வேறு எவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும்? அங்குள்ள சுவர்த்துளை ஒன்றைத் ‘தொழுநோயாளர் சாளரம்’, அதாவது தொழுநோயாளர் வெளியே நின்றபடி வழிபாட்டைக் காண்பதற்கானது, என்று ஒருவர் எழுதியிருந்தார். அது சரிதானா என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

ஓவியங்களிலிருந்தே தொடங்குங்கள்; அவற்றுக்காக மட்டுமே அவ்வளவு தூரம் செல்லலாம். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுண்ணாம்புக் காரையின் மீது செங்காவி, மஞ்சட்காவி, கரி, சுண்ணாம்பு வெள்ளை போன்ற எளிய வண்ணங்களைக் கொண்டு தீட்டப்பட்ட அவை, ஏறத்தாழ எல்லாச் சுவர்களிலும் பரவியிருக்கின்றன. வடக்குச் சுவரில் உள்ள புனித ஜார்ஜின் உருவம், இங்கிலாந்தில் எஞ்சியவற்றுள் மிகப் பழைமையான ஜார்ஜ் ஓவியமாகக் கருதப்படுகிறது. பலர் பீடத்தை மட்டும் பார்த்துவிட்டு வெளியேறிவிடுகிறார்கள். நீங்கள் பீடப்பகுதிக்குள் சென்று, வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். நடுக்கூடத்தையும் பீடப்பகுதியையும் பிரிக்கும் வளைவை ஒட்டிய அந்தச் சுவரில்தான் ஆதாமும் ஏவாளும் இருக்கிறார்கள். ஏவாள் ஒரு பசுவின் அருகே அமர்ந்து பால் கறக்கும் காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இவை எப்படி நமக்குக் கிடைத்தன என்பதையும் எண்ணிப் பாருங்கள். தேவாலயங்களில் உருவங்களை அகற்றச் சொன்ன அரசர் ஆறாம் எட்வர்டின் 1547ஆம் ஆண்டுக் கட்டளைகளைத் தொடர்ந்து நாடெங்கும் தேவாலயச் சுவரோவியங்கள் வெள்ளையடித்து மறைக்கப்பட்டன. ஓவியத்தை ஒழிக்கப் பூசிய அதே சுண்ணாம்புதான் பல ஊர்களில் அதை ஒளியிலிருந்தும் கைகளிலிருந்தும் காத்தது. ஹார்டம் ஓவியங்களும் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்து, 1866இல் வெளிப்பட்டவையே. உண்மையான பேரிழப்பு 19ஆம் நூற்றாண்டில், கல் தெரிய வேண்டும் என்பதற்காகப் பழைய காரையையே சுரண்டி எடுத்த ‘புதுப்பிப்பு’ப் பணிகளால் நேர்ந்தது என்பது என் கருத்து. அந்தப் போக்கை எதிர்த்துத்தான் வடிவமைப்பாளரும் கவிஞருமான வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

மறுமொழி 2

மேலே நண்பர் உட்புறத்தைச் சொல்லிவிட்டார். நான் சொல்வது எந்த ஊர்த் தேவாலயத்துக்கும் பொருந்தும். உள்ளே நுழையுமுன் வெளியே ஒருமுறை சுற்றி வாருங்கள். தெற்குச் சுவரில், குறிப்பாக வாசலருகே, நடுவில் சிறு குழியும் அதிலிருந்து விரியும் கோடுகளுமாக ஒரு கீறல் தென்படலாம். குழியில் குச்சியைச் செருகி, அதன் நிழலைக் கொண்டு திருப்பலி நேரத்தை அறிவதற்கான கடிகை அது. வெயிலே படாத முன்மண்டபத்துக்குள் அத்தகைய கீறல் இருந்தால் அந்த மண்டபம் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்றோ, கல் வேறிடத்திலிருந்து எடுத்து வைக்கப்பட்டது என்றோ ஊகிக்கலாம். கட்டடத்தின் வயதை அறிய இத்தகைய முரண்பாடுகளே சிறந்த வழி. வட்டத்தலைச் சாளரங்கள் நார்மானியர் காலத்தையும் (11, 12ஆம் நூற்றாண்டுகள்), கூர்முனை கொண்ட ஒடுங்கிய சாளரங்கள் 13ஆம் நூற்றாண்டையும் பொதுவாகச் சுட்டும்; ஆனால் ஒரே சுவரில் இரண்டும் அடுத்தடுத்து இருப்பது மிகவும் இயல்பு.

உள்ளே திருமுழுக்குத் தொட்டியின் விளிம்பைப் பாருங்கள். புனித நீரைச் சூனியத்துக்காகத் திருடுவதைத் தடுக்க, தொட்டிகளைப் பூட்டி வைக்குமாறு 13ஆம் நூற்றாண்டில் ஆணையிடப்பட்டது. பூட்டுக்கான இரும்பைப் பிடுங்கியபோது உடைந்த விளிம்புகள் பல தொட்டிகளில் இன்றும் தெரியும். பீடத்துக்கு முந்தைய வளைவின் பக்கத்தில் எங்கும் கொண்டுசேர்க்காத படிகள் இருந்தால், அவை சிலுவை நின்ற மேல்தளத்துக்கு ஏறிய வழி. எலிசபெத் அரசி 1561இல் அத்தளங்களை அகற்ற ஆணையிட்டபின் படிகள் மட்டும் எஞ்சின.

மறுமொழி 3

துளையைப் பற்றிய கேள்விக்கு: ‘தொழுநோயாளர் சாளரம்’ என்ற விளக்கத்தை இன்றைய ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்பதில்லை; ஏனெனில் அந்நோயாளர்கள் பெரும்பாலும் ஊரோடு கலவாமல் தனித்து வைக்கப்பட்டிருந்தார்கள். ஹார்டம் சுவர்த்துளை, தேவாலயத்தோடு ஒட்டிய அறையில் வாழ்நாள் முழுதும் தம்மை அடைத்துக்கொண்டு தவமிருந்த ஒருவர் உள்ளிருந்தே பீடத்தைக் காண்பதற்கானது. அந்த அறை இன்று இல்லை. சுவரில் சாய்வாக வெட்டிய துளை மட்டும் இருக்கிறது. அதன் முன் நின்று, அவர் கண்ட காட்சி எவ்வளவு குறுகியது என்பதை நீங்களே அளந்து பார்க்கலாம்.

ஒரு கைவிளக்கும் தொலைநோக்கியும் எடுத்துச் செல்லுங்கள். விளக்கைச் சுவருக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மெல்லிய கீறல்கள் நிழலோடு எழுந்து தெரியும். ஓவியப் பூச்சை விரலால் தொடவே கூடாது. ஒரே குருவானவர் பல ஊர்களைக் கவனிப்பதால் வழிபாடு எல்லா ஞாயிறும் நடைபெறாது. ஆயினும் நேரத்தை முன்பே விசாரித்து, வழிபாட்டுக்கு இடையூறின்றிச் செல்லுங்கள். வெளியேறும்போது பறவைகள் உள்ளே புகாதபடி கதவைச் சாத்திவிடுங்கள்.